பதினொன்றாம் கிளையின் பில், பத்தாம் கிளையின் லைன்

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகளில் ஒன்று ஓஎஸ்பிஎஃப். அதில் ரூட்களைச் சுருக்க, அதாவது பல முகவரிகளுக்கான வழிகளை ஒன்றாக்கிச் சொல்ல, ஒரே ஒரு வரி போதும். ‘ஏரியா 1 ரேஞ்ச் 10.40.8.0 255.255.248.0’. ஒரு சனிக்கிழமை இரவு இந்த வரியை இரண்டு ரவுட்டர்களில் தட்டினேன். தட்டிவிட்டு டீ குடித்தேன், வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தாம் கிளை மேலாளர் போன் செய்தார். “சார், லைனைப் பெருசாக்கித் தந்தீங்க. இதுக்குப் பழைய லைனே தேவலை சார்.”

அன்று அறுந்து கிடந்தது பதினொன்றாம் கிளையின் லைன். அதற்குப் பத்தாம் கிளை ஏன் அழ வேண்டும்? விடை தெரிய மதியம் ஆகிவிட்டது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகக் கடை வைத்திருந்த ஒரு நிறுவனம். தலைமை அலுவலகத்தில் சர்வர்கள், கிளைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்கள். ஓஎஸ்பிஎஃப்-இல் நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரித்து வைப்பார்கள். ஒரு மண்டலத்தின் கிளைகள் எல்லாம் ஏரியா 1. தலைமை அலுவலகம் ஏரியா 0, அதாவது பேக்போன். இரண்டுக்கும் நடுவில் வாசல் காக்கிற மாதிரி இரண்டு ரவுட்டர்கள். ஏட்டில் இவற்றுக்கு ஏபிஆர் என்று பெயர், நாங்கள் கூப்பிட்டது பெரியவர், சின்னவர் என்று. பெரியவர் பழைய மாடல், ஃபேன் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். சின்னவர் அவருக்குப் பின்னால் வாங்கியது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் இருவருக்கும் தலா ஒரு லைன். ஒன்று போனால் இன்னொன்று.

கிளைகளுக்கு எண் வரிசையில் முகவரி கொடுத்திருந்தார்கள். எட்டாம் கிளைக்கு 10.40.8.0, ஒன்பதாம் கிளைக்கு 10.40.9.0, இப்படியே பதின்மூன்று வரை, எல்லாம் ஸ்லாஷ் 24, அதாவது முகவரியின் 32 பிட்டில் முதல் 24 பிட் எந்தக் கிளை என்று சொல்லும். இதைச் செய்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது; நான் சேரும் முன்பே போய்விட்டார். ஆனால் ரூட் சுருக்கத்தில் முக்கால்வாசி வேலையை அவர்தான் முடித்து வைத்திருந்தார். முகவரிகளைக் கண்ட இடத்தில் அள்ளித் தெளித்திருந்தால் உலகத்தில் எந்தக் கமாண்டும் அவற்றைச் சுருக்காது.

கணக்கு எளிது. மூன்றாவது எண்ணை மட்டும் இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். 8 என்பது 00001000. 13 என்பது 00001101. இடமிருந்து வந்தால் முதல் ஐந்து இலக்கங்கள் எல்லாக் கிளைக்கும் 00001 தான். முன்னால் இருக்கிற இரண்டு எண்களுக்குப் பதினாறு பிட், இந்த ஐந்தையும் சேர்த்தால் இருபத்தொன்று. ஸ்லாஷ் 21, அதையே மாஸ்க்காக எழுதினால் 255.255.248.0. ஆறு வரி ஒரு வரி ஆகிவிட்டது. ஆனால் இந்த ஒரு வரிக்குள் 8 முதல் 15 வரை எட்டு சப்நெட், அதாவது எட்டுக் கிளைக்கான முகவரித் தொகுதிகள், அடங்கும். எங்களிடம் இருந்தது ஆறு. 14, 15 என்று கிளைகளே இல்லை. இல்லாத இரண்டுக்கும் சேர்த்து “எல்லாம் என் வழியாகத்தான்” என்று ரவுட்டர் பேக்போனுக்கு வாக்குக் கொடுக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் பின்கோடு மாதிரிதான் இது. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஆறு இலக்க எண். 6-இல் தொடங்கினால் பெரும்பாலும் தமிழ்நாடோ கேரளமோ. தில்லியில் கடிதம் பிரிப்பவருக்கு 641 என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் என்பது போதும். அந்தக் கடிதம் எந்தத் தெருவுக்கு என்பது அவர் கவலை இல்லை. அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

நான் சுருக்கத்துக்குப் போன காரணமே அந்த மழைத் தண்ணீர்தான். பாடப் புத்தகத்தில் முதல் காரணமாக மெமரியைச் சொல்வார்கள், ரூட்டிங் டேபிள் சின்னதாகும் என்று. இன்றைய ரவுட்டருக்குச் சில நூறு ரூட் என்பது யானைக்குச் சோளப்பொரி. எனக்கு வேண்டியிருந்தது நிம்மதி. கிளை லைன்கள் நாளுக்குப் பத்து முறை விழும், எழும். சுருக்கம் இல்லாதபோது ஒவ்வொரு விழுதலுக்கும் பெரியவரும் சின்னவரும் பேக்போன் முழுக்க ஒரு டைப் 3 எல்எஸ்ஏ, அதாவது ரூட் மாறிய செய்தி, அனுப்புவார்கள். மற்ற ஏரியாக்களுக்கும் அது போகும். குறுகிய வழி தேடும் முழு எஸ்பிஎஃப் கணக்கு ஓடாது, உண்மைதான், பாதிக் கணக்கோடு முடிந்துவிடும். ஆனாலும் எங்கோ ஒரு சின்ன ஊரில் யாரோ மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸி போடுவதற்கு, தலைமை அலுவலக ரவுட்டர் எதற்கு அசைய வேண்டும்? சுருக்கிய பிறகு அந்தச் சலசலப்பு நின்றது. ரூட் டேபிளில் பக்கம் பக்கமாக ஓடிய ‘ஓ ஐ-ஏ’ வரிகள், அதாவது வேறு ஏரியாவிலிருந்து வந்த ரூட்கள், ஒரு திரைக்குள் அடங்கின. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இன்னொன்று: ஓஎஸ்பிஎஃப்-இல் இந்த வரியை நினைத்த இடத்தில் போட முடியாது. ஒரு ஏரியாவுக்குள் இருக்கிற எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் ஒருவர் மட்டும் சுருக்கிப் படித்தால் கணக்கே தப்பிவிடும். ஆகவே ஏரியா எல்லையில் நிற்கும் ஏபிஆரில் ‘ரேஞ்ச்’, வெளியிலிருந்து ரூட் உள்ளே கொண்டுவரும் ஏஎஸ்பிஆரில் ‘சம்மரி-அட்ரஸ்’, அவ்வளவுதான். இன்னொரு ரூட்டிங் முறையான இஐஜிஆர்பி-இல் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, எந்த ரவுட்டரின் எந்த இன்டர்ஃபேஸிலும் சுருக்கலாம். அந்தச் சுதந்திரத்தோடு கூடவே ஒரு பழைய தலைவலியும் வந்தது: ஆட்டோ-சம்மரி. கேட்காமலேயே 10.40.8.0-வை 10.0.0.0 ஸ்லாஷ் 8 என்று சுருக்கிவிடும். நடுவில் 192.168 லைன், இரண்டு பக்கமும் பத்தில் தொடங்கும் முகவரிகள் என்றால் இரு பக்கமும் “பத்து மொத்தமும் என்னுடையது” என்று கத்தும். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி முதலில் ‘நோ ஆட்டோ-சம்மரி’ என்று தட்டிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள். சிஸ்கோ ரவுட்டர் மென்பொருளான ஐஓஎஸ் 15 வந்த பிறகு அது தானாகவே அணைந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் நான் இன்னும் தட்டுகிறேன்.

சரி, அந்த ‘இல்லாத 14’-க்கு வருவோம்.

சுருக்கிய மறுநாள் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் பெரியவரின் ரூட் டேபிளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “சார், 10.40.8.0 ஸ்லாஷ் 21 நல் ஜீரோவுக்குப் போகுது சார்! எல்லாக் கிளையும் போயிடுமே, எடுத்துடட்டுமா?”

முதல் முறை பார்க்கும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும் வரி அது. நல் ஜீரோ என்பது ரவுட்டருக்குள் இருக்கிற குப்பைத் தொட்டி. அதற்குள் போன பாக்கெட் திரும்பி வராது. நாம் சுருக்கச் சொன்னவுடன் ரவுட்டர் தானாகவே இந்த ரூட்டைப் போட்டுக்கொள்ளும். நான் பதில் சொல்லவில்லை, லேபில் பழைய ரவுட்டர் இரண்டை, ஒன்று பெரியவர், மற்றது தலைமை அலுவலகத்தின் மைய ரவுட்டரான கோர் என்று அடுக்கி அவனையே எடுக்கச் சொன்னேன். ‘நோ டிஸ்கார்டு-ரூட் இன்டர்னல்’. அப்புறம் 10.40.14.5-க்கு டிரேஸ்ரூட், அதாவது பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கமாண்ட், போடச் சொன்னேன்.

திரையில் இரண்டே இரண்டு முகவரிகள் மாறி மாறி வந்தன. கோர், பெரியவர், கோர், பெரியவர். முப்பது வரி ஓடி நின்றது. பிங் போட்டால் ‘டிடிஎல் எக்ஸ்பயர்ட் இன் ட்ரான்சிட்’. என்ன நடக்கிறது? கோருக்கு ஸ்லாஷ் 21 தெரியும், ஆகவே 14-ஐப் பெரியவரிடம் தள்ளுகிறது. பெரியவரிடம் 14 கிடையாது. அதற்கு அவரிடம் இருப்பது, வழி தெரியாததை எல்லாம் கோரிடம் அனுப்பும் டிஃபால்ட் ரூட் ஒன்றுதான். ஆகவே திருப்பிக் கோரிடமே தள்ளுகிறார். டிடிஎல், அதாவது ஒரு பாக்கெட் இத்தனை ரவுட்டரைத்தான் தாண்டலாம் என்ற எண்ணிக்கை, தீரும்வரை பாக்கெட் இருவருக்கும் நடுவில் பந்தாடப்படும். இல்லாத முகவரிகளைத் துழாவும் ஒரு வைரஸ் கம்ப்யூட்டர் மாட்டினால் போதும், அந்த லைன் நிரம்பிவிடும். நல் ஜீரோ இருந்தால் 8 முதல் 13 வரை சரியான ஸ்லாஷ் 24 ரூட்டில் போகும், ஏனென்றால் நீளமான பொருத்தம்தான் எப்போதும் ஜெயிக்கும். மிச்சம் இருப்பது மட்டும் தொட்டியில் விழும். பையன் முப்பது வரியையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு அதைத் தொடவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை நடந்தது தெரியாமல் இருந்தது.

அன்று காலை ஆறு மணிக்குப் பெரியவருக்கும் பதினொன்றாம் கிளைக்கும் நடுவிலான லைன் அறுந்தது. எச்சரிக்கை செய்தி வந்தது, பார்த்தேன். சின்னவர் பக்கம் இன்னொரு லைன் இருக்கிறதே என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். பத்து மணிக்குக் கடை திறந்ததும் பதினொன்றாம் கிளையிலிருந்து ஒரு புகார்: ஒரு கம்ப்யூட்டரில் பில் சட்டென்று வருகிறது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் இழுக்கிறது. ஒரே ஸ்விட்ச், ஒரே சர்வர். அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் பத்தாம் கிளை மேலாளரின் போன். பத்தாம் கிளை மற்றவற்றைவிடப் பெரிய கடை, அந்த மேலாளர் ஆறு மாதம் சண்டை போட்டு 2 எம்பி லைன் இரண்டையும் 4 எம்பி ஆக்கி வாங்கியிருந்தார்.

இரண்டு புகாருக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லைன் கொடுத்த நிறுவனத்தோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர்கள் பக்கம் தப்பே இல்லை, பாவம்.

கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பதினொன்றாம் கிளையின் அந்த இழுக்கும் கம்ப்யூட்டருக்கு டிரேஸ்ரூட் போட்டேன். கோர், பெரியவர், பத்தாம் கிளை ரவுட்டர், சின்னவர், பதினொன்றாம் கிளை. ஒரு கிளையின் பில்கள் இன்னொரு கிளையின் வாசல் வழியாக உள்ளே போய்க் கொல்லை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தன.

ஏன் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பெரியவருக்குப் பதினொன்றாம் கிளைக்கு நேர்வழி போய்விட்டது. பெரியவருக்கும் சின்னவருக்கும் நடுவில் ஜிகாபிட் லைன் ஒன்று இருக்கிறது, ஒரே அலமாரியில், இரண்டு முழம் கேபிள். ஆனால் அது ஏரியா 0-வில் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப்-இன் சட்டப்படி, ஏரியாவுக்குள்ளேயே வழி இருந்தால் அது எவ்வளவு சுற்றானாலும் அதற்குத்தான் முதல் மரியாதை. அடுத்த ஏரியா வழியாகப் போகும் குறுக்கு வழி அதற்குப் பிறகுதான். போதாததற்கு, அந்தக் கேபிள் வழியாகச் சின்னவர் சொல்வதே சுருக்கிய ஸ்லாஷ் 21 மட்டும்தான். ஆகவே பெரியவர் ஏரியா 1-க்குள் வழி தேடினார். எந்தக் கிளை வழியாகவும் சின்னவரை அடையலாம், ஏனென்றால் எல்லாக் கிளைக்கும் இரண்டு கை. ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு லைனுக்கும் காஸ்ட் என்று ஓர் எண் வைத்திருக்கும், கூட்டுத்தொகை குறைந்த வழிதான் ஜெயிக்கும். 2 எம்பி லைனுக்குக் காஸ்ட் 50, 4 எம்பி லைனுக்கு 25. எட்டாம் கிளை வழியாகப் போனால் 50, 50, கடைசியாகப் பதினொன்றுக்கு 50, மொத்தம் 150. பத்தாம் கிளை வழியாக 25, 25, 50, மொத்தம் 100. சண்டை போட்டுப் பெரிய லைன் வாங்கியவர் தலையில் விடிந்தது.

இது பாதிதான். பெரியவர் இப்படிச் சுற்றுகிறார் என்றால் கோர் ஏன் அவரிடம் கொடுக்கிறது? சுருக்கத்துக்கு முன்னால் கொடுத்திருக்காது. அப்போது பதினொன்றாம் கிளைக்கென்று தனி ரூட் இருந்தது. கிளைக்குள் ஓடும் லேனுக்கு ஒன்று சேர்த்துப் பெரியவர் 101 என்பார், சின்னவர் 51 என்பார், கோர் சின்னவரிடம் போயிருக்கும், எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது. இப்போது இருவரும் சொல்வது ஒரே ஸ்லாஷ் 21, ஒரே காஸ்ட். கோர் இரண்டையும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் என்பதை அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கலந்து முடிவு செய்யும். அதனால்தான் ஒரு கம்ப்யூட்டரில் வேகம், பக்கத்தில் இழுவை.

காஸ்ட் ஏன் மாறவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். ஆறு ரூட்டைச் சுருக்கி ஒன்றாக்கினால் அந்த ஒன்றுக்கு எந்தக் காஸ்ட்டைப் போடுவது? இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1583-இன்படி உள்ளே இருப்பதில் குறைந்தது. ஜான் மாய் எழுதி 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328-இன்படி உள்ளே இருப்பதில் அதிகமானது. எங்கள் சிஸ்கோ ரவுட்டர்கள் இந்த விஷயத்தில் பழைய சட்டத்தையே வழக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. குறைந்த காஸ்ட் எது? பத்தாம் கிளை, லேனுக்கு ஒன்று சேர்த்து 26. பதினொன்று விழுந்தாலும் எழுந்தாலும் பெரியவர் 26 என்றுதான் சொல்வார். புதுச் சட்டத்துக்கு மாற்றும் ‘நோ கம்பாட்டிபிள் ஆர்எஃப்சி1583’ போட்டிருந்தால் அன்று காலை பெரியவரின் காஸ்ட் 51-இலிருந்து 101-க்கு ஏறியிருக்கும், கோர் மொத்தமாகச் சின்னவர் பக்கம் சாய்ந்திருக்கும்.

உடனே அதைப் போட்டுவிடலாமே என்று கை துறுதுறுத்தது. போடவில்லை. ஒரு கிளை விழும்போதெல்லாம் ஸ்லாஷ் 21-இன் காஸ்ட் மாறும், மாறினால் புது எல்எஸ்ஏ பேக்போனுக்குப் போகும், எந்தச் சலசலப்பை நிறுத்தச் சுருக்கினேனோ அது பின்வாசலால் திரும்ப வரும். ‘ரேஞ்ச்’ வரியின் கடைசியில் ‘காஸ்ட்’ என்று நாமே ஓர் எண்ணைக் கட்டிப்போடவும் வழி இருக்கிறது. அப்போது சலசலப்பு சுத்தமாக நிற்கும், கோர் சுத்தமாகக் குருடாகும். கிளை எதுவும் மிச்சமில்லாமல் ஆறும் விழுந்தால்தான் பெரியவர் ஸ்லாஷ் 21-ஐத் திரும்பப் பெறுவார்.

ஆகவே கேபிளில் கை வைத்தேன். இருவருக்கும் நடுவிலான அந்த ஜிகாபிட் லைனில் இன்னொரு விலேன், அதாவது அதே கேபிளில் தனி லைன் மாதிரி ஓடும் ஒரு பிரிவு, வெட்டி, அதை ஏரியா 1-க்குள் போட்டேன். இப்போது பெரியவருக்கு ஏரியாவுக்குள்ளேயே நேர்வழி: சின்னவருக்கு 1, பதினொன்றுக்கு 50, லேனுக்கு 1, மொத்தம் 52. கோர் யாரிடம் கொடுத்தாலும் கவலை இல்லை, அலமாரிக்குள்ளேயே கைமாறிவிடும். ஒரே லைனை இரண்டு ஏரியாவிலும் இருக்க விடும் வசதி 2008-இல் ஆர்எஃப்சி 5185 ஆக வந்திருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். படித்ததும் கொஞ்சம் ஆறுதல், ஆர்எஃப்சி எழுத வைக்கும் அளவுக்கு இதே பள்ளத்தில் பலர் விழுந்திருக்கிறார்கள்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பத்தாம் கிளை மேலாளரைக் கூப்பிட்டேன். “இப்ப எப்படி சார் இருக்கு?” “பறக்குது சார். என்ன பண்ணீங்க?” என்ன சொல்வது? லைனில் சின்னக் கோளாறு என்றேன்.

அதற்கு மறு வருடம் பன்னிரண்டாம் கிளை வேறு மண்டலத்துக்கு மாறியது. கடை இடம் மாறவில்லை, நிர்வாகம்தான் மாறியது. லைன்கள் ஏரியா 2-வின் வாசலுக்குப் போயின. முகவரியை மாற்றிவிடலாம் என்றேன். பில் மென்பொருளில் பழைய முகவரி எங்கெங்கோ பதிந்திருக்கிறது, தொடாதீர்கள் என்றார்கள். ஆக 10.40.12.0 ஏரியா 2-வின் பிள்ளையாகிவிட்டது, முகவரி மட்டும் பிறந்த வீட்டுப் பெயரில். 2011 ஜனவரியில் நாடு முழுக்க மொபைல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்ததே, அதேதான். அதற்கு முன் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்தே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடலாம். இப்போது சொல்ல முடியாது, எண்ணுக்கு எண் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

பன்னிரண்டு வேலை செய்தது, அதில் குறை இல்லை. பெரியவர் ஸ்லாஷ் 21 என்று சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து தனியாக ஸ்லாஷ் 24 வருகிறது, நீளமானது ஜெயிக்கிறது. ஆனால் பன்னிரண்டின் இரண்டு லைனும் ஒன்றாக விழும் நாளில் அந்த ஸ்லாஷ் 24 மறைந்துவிடும். உடனே அதற்கான பாக்கெட் எல்லாம் பழைய வீட்டுக்கு ஓடி, பெரியவரின் குப்பைத் தொட்டியில் விழும். புதிதாக வருபவர் பெரியவரிடம்தான் கோளாறு என்று அரை நாள் தேடுவார். தேடினார்கள்.

நீளமானது ஜெயிக்கும் என்ற இதே விதியை வைத்துத்தான் 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் உலகம் முழுக்க இருண்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் ரூட் சொல்லிக்கொள்ளும் முறையான பிஜிபி-இல் யூடியூப் சொல்லிக்கொண்டிருந்தது 208.65.152.0 ஸ்லாஷ் 22. உள்நாட்டில் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள்ளிருந்து 208.65.153.0 ஸ்லாஷ் 24-ஐ அறிவிக்க, அது வெளியே கசிந்துவிட்டது. சொந்தக்காரரின் சுருக்கத்தைவிட வந்தவரின் துண்டு நீளமானது. யூடியூப் தானும் அதே ஸ்லாஷ் 24-ஐ அறிவித்தது, பிறகு அதையும் பிளந்து ஸ்லாஷ் 25-களாக அறிவித்தது. சுருக்கியது போதும் என்று விரித்துக் காட்டித்தான் தன் முகவரியை மீட்க வேண்டியிருந்தது.

எங்கள் அலமாரிக்குத் திரும்புகிறேன். அந்த இரண்டாவது விலேனைப் பார்க்கும் யாருக்கும் அது வேண்டாத ஒன்றாகத்தான் தெரியும். பக்கத்திலேயே ஏரியா 0-வில் ஓடும் லைன் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். தணிக்கைக்கு வந்த ஒருவர் தாளில் சிவப்பு வட்டம் போட்டு, நீக்கலாம் என்று எழுதினார். அன்று மாலை இரண்டு ரவுட்டரிலும் அந்த இன்டர்ஃபேஸின் டிஸ்கிரிப்ஷன் வரியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: “இதை எடுத்தால் பத்தாம் கிளையிலிருந்து போன் வரும்.”

வேலையை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அந்தப் பையன், இப்போது அவன்தான் அங்கே மூத்தவன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பெரியவரைக் கழற்றிவிட்டார்கள், புது ரவுட்டர் வந்திருக்கிறது. திரையில் புது இன்டர்ஃபேஸ், புது எண்கள். டிஸ்கிரிப்ஷன் வரி மட்டும் பழையது.